ஷார்ஷென் அண்ணன் போர்த்திய அங்கி

எங்கள் சோகுலுக் ஊர்ப் பக்கத்தில் கொதிகலன் பழுது என்றால் ஷார்ஷென் அண்ணனைத்தான் கூப்பிடுவார்கள். பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, கோழிப்பண்ணை என்று எல்லா இடத்துக் குழாயும் அவர் கை பட்டதுதான். ஆனால் எங்கள் தளத்துக்கு அது போதாது. நான் வேலை பார்ப்பது இங்கே முகாமிட்டிருக்கும் வெளிநாட்டுப் படையின் விமானத்தளத்தில். அதன் கட்டடங்களைப் பராமரிக்கத் தகுதியுள்ள உள்ளூர் ஒப்பந்தக்காரரைத் தேடிப் பிடிப்பது என் உத்தியோகம். தகுதி என்றால் வேலை தெரிவது என்று நினைத்துவிடாதீர்கள். காப்பீடு வேண்டும், பாதுகாப்புக் கையேடு வேண்டும், வெல்டர் அவர்கள் வைக்கும் தேர்வில் தேற வேண்டும். அதில் நாற்பது பேர் உட்கார்ந்து ஒரே ஒருவன் தேறினான். அவன் அண்ணனின் இளைய மகன் உலார்.

மூத்தவன் ருஷ்யாவில் சாரத்திலிருந்து விழுந்து செத்துப்போனவன். உலாரும் அங்கே போகத்தான் துடித்தான்.

"தங்கச்சி, இந்த ஒப்பந்தம் கெடச்சா இவன் இங்கயே இருப்பான். இல்லேன்னா அடுத்த ரயில்லயே ஏறிடுவான். இவனையும் பறிகொடுத்தா எம் பொண்டாட்டி தாங்க மாட்டா," என்றார் அண்ணன்.

ஒரு வருஷம் மாரடித்தேன். எல்லாக் காகிதமும் தேறியது. தளத்துக் கேப்டன் ஒருவர் அண்ணனின் பட்டறையை நேரில் வந்து பார்ப்பதுதான் பாக்கி. முந்தின நாளே போய் ஓதினேன்.

"அண்ணே, ஆடு அடிக்கக் கூடாது. வெறும் டீதான். அவர் கையில ஒண்ணும் குடுக்கக் கூடாது. சட்டம் அப்படி."

"என்னம்மா, பிச்சைக்காரன் வீட்டுக்கா வர்றாரு?"

"சத்தியம் பண்ணுங்க!"

பண்ணினார். டீயும் பொரித்த ரொட்டியும் மட்டும்தான் வைத்தார். கேப்டன் எல்லாம் திருப்தி என்று எழுதிக்கொண்டார். கிளம்பும்போது வாசலில் பனிக்காற்று அடிக்க, தோளைக் குறுக்கினார். அவ்வளவுதான்! அண்ணன் உள்ளே ஓடி, உலார் கல்யாணத்தில் சம்பந்திக்கு என்று தைத்து வைத்திருந்த வெல்வெட் அங்கியை எடுத்துவந்து அவர் மேல் போர்த்திவிட்டார். முதல் தடவை வந்த விருந்தாளியைச் சும்மா அனுப்பிவிட்டு இங்கே யாருக்குத் தூக்கம் வரும்?

"அண்ணே! சத்தியம் பண்ணீங்களே!"

"கையில குடுக்கலையே, தோள்லதான போட்டேன்?"

மண்டையில் அடித்துக்கொண்டேன். உள்ளூர் மரியாதையை மறுக்காதே என்று கேப்டனுக்கு ஒரு வகுப்பில் சொல்லியிருந்தார்கள். வாங்கியதை அறிக்கையில் எழுது என்று இன்னொரு வகுப்பில் சொல்லியிருந்தார்கள். நல்ல மனுஷன், இரண்டையும் செய்தார். அங்கி திரும்பி வந்தது. கூடவே, இந்தச் சுற்றில் தகுதி நீக்கம் என்ற கடிதமும் வந்தது. அதை நான்தான் வாசித்துச் சொன்னேன். நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போலிருந்தது.

"குளிர்ல நின்னவருக்குப் போர்த்தினது குத்தமா?" என்று உலார் என்னிடம்தான் கேட்டான். மூன்றாம் நாள் ரயில் ஏறிவிட்டான்.

ஒப்பந்தம் பெற்ற வெளியூர்க் கம்பெனி அந்தக் குளிர்காலத்திலேயே வேலையைக் கைவிட்டுவிட்டது. மறுபடி ஆள் தேடச் சொன்னார்கள். குதித்துக்கொண்டு போன் போட்டேன்.

"அண்ணே, புதுச் சுற்று! உங்க மேல இப்பத் தடை இல்ல!"

"வெல்டர் பேரு கேப்பாங்களே, தங்கச்சி."

"உலாரக் கூப்பிடுங்க. டிக்கெட் நான் எடுக்கறேன்."

"எங்கன்னு கூப்பிடுவேன்? பாஸ்போர்ட்ட மேஸ்திரி பிடுங்கிக்கிட்டானாம். எங்கயோ வடக்க கொண்டுபோறாங்கன்னு சொன்னான். ரெண்டு மாசமாப் பேச்சே இல்லம்மா. அவன் கூப்பிடுவான்னு அவங்கம்மா இந்தப் போனக் கீழ வெக்க மாட்டேங்கிறா, நீ சீக்கிரம் வெச்சிரு."

வைத்துவிட்டேன். மேலிடத்துக்கு அன்று மாலையே பதில் போயாக வேண்டும். தகுதியுள்ள உள்ளூர் ஒப்பந்தக்காரர் எவரும் இல்லை என்று எழுதி, நானே கையெழுத்துப் போட்டேன்.