சாதிகாவின் பில் புரோகிராம்

ஷார்ஜாவிலிருந்து கணவர் ரயீஸ் விசா அனுப்பியும் சாதிகாவால் விருத்தாசலத்தை விட்டுக் கிளம்ப முடியவில்லை. ஊரில் பல பீங்கான் பட்டறைகளில் அவள் எழுதிய பில் புரோகிராம்தான் ஓடியது. அதைப் பைத்தான் என்ற கம்ப்யூட்டர் மொழியில் எழுதியிருந்தாள். பைத்தான் இல்லாத கம்ப்யூட்டரில் அது திறக்காது. மண்தூசி அடைத்துக் கம்ப்யூட்டர் மெதுவானால், எல்லாவற்றையும் அழித்துவிட்டு விண்டோஸைப் புதிதாகப் போடுவதுதான் பட்டறைக்காரர்களுக்குத் தெரிந்த ஒரே வைத்தியம். பைத்தானும் சேர்ந்து அழியும். அதைத் திரும்பப் போட சாதிகா சிடியோடு ஆட்டோ ஏறுவாள்.

"உனக்குப் புருஷன் நானா, அந்தக் கம்ப்யூட்டரா?" என்பார் ரயீஸ்.

ஆகவே முழுவதையும் சி மொழியில் மாற்றி எழுதினாள். இப்போது ஒரே ஃபைல். வேறெதுவும் வேண்டாம், காப்பி செய்தாலே ஓடும். சக்கரபாணியின் பட்டறையில் முதலில் ஓட்டிக் காட்டினாள்.

"நல்லாத்தான் இருக்குதும்மா" என்றார் அவர். "ஆனா ஒடஞ்ச சரக்குக்கு ஒவ்வொரு வியாபாரியும் ஒவ்வொரு மாதிரி கழிக்கச் சொல்றான். முன்னல்லாம் இங்க பில்லு போடற நம்ம நந்தகுமாரே நோட்பேடுல தொறந்து அதுக்கு ஒரு வரி சேத்துடுவான். இதத் தொறந்தா ஒரே கிறுக்கலா இருக்குதே?"

"இது கம்ப்யூட்டருக்கு மட்டுந்தான் புரியுங்கண்ணே. இனிமே நான்தான் மாத்தி எழுதித் தரணும்."

"அதுக்கென்ன, நீ ஊர்லதான இருக்கப் போற!"

அன்று மாலை ரயீஸ் போன் செய்தார். "டிக்கெட்டு போட்டுடட்டா?"

"இப்ப வேணாங்க" என்றாள் சாதிகா.