ஒரு கதிரை கூடுதலாக

இன்று பேக்கரியில் எள் தூவிய பின்னல் பாணின் வாசம் வந்ததும், ரோவில் என்ற புறநகரில் செல்வன் அங்கிள் இருந்த, இப்போது இடித்து இரண்டு வீடுகளாகக் கட்டிவிட்ட அந்தப் பழைய வீடு நினைவுக்கு வந்தது. சனிக்கிழமைகளில், யூத முறையில் இயேசுவை வழிபடும் எங்கள் சிறிய சபை அங்கேதான் கூடும்; அவரை யேசுவா என்று அழைத்து, எபிரேயத்தில் ஆசீர்வாதமும் தமிழில் சங்கீதமும் பாடி, ஓய்வுநாளில் அடுப்பு மூட்டாமல் முதல்நாளே சமைத்துவைத்த கத்தரிக்காய்க் குழம்பில் இதே பின்னல் பாணைத் தொட்டுச் சாப்பிட்டு, பொழுது சாயும்வரை இருந்துவிடுவோம். சபையை நடத்தும் அங்கிள், குஞ்சம் வைத்த வெள்ளை ஜெபச் சால்வையைத் தலைக்குமேல் போர்த்தியிருப்பார். என் வகுப்புத் தோழி எமிலி அதைப் பார்த்துவிடுவாளோ என்று எனக்குப் பயம். ஒருநாள் நாயோடு அந்தப் பக்கம் வந்தவள், வாசலில் ஏன் இத்தனை செருப்பு என்று கேட்டபோது, அங்கிளுக்குப் பிறந்தநாள் என்று சொல்லிவிட்டேன்.

அரை மணி நேரத்தில் சாக்லேட் பெட்டியோடு வந்து கதவைத் தட்டினாள். சால்வையோடு கதவைத் திறந்த அங்கிள் அவள் வாழ்த்தைக் கேட்டார், என்னைத் திரும்பிப் பார்த்தார், பிறகு ஆங்கிலத்தில் நன்றி சொல்லி இரண்டு கையாலும் பெட்டியை வாங்கிக்கொண்டார்.

"அவவுக்கும் ஒரு கதிரை போடுங்கோ பிள்ளை" என்றார் என்னிடம்.

அவளுக்கு நேரமில்லை என்று நானே சொல்லிக் கதவைச் சாத்தினேன்.

அன்றும் வழக்கம்போல் என் தலையில் கைவைத்து ஆசீர்வதித்தார். பொய்யைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஆனால் நாங்கள் அந்த இடத்தைவிட்டுப் போகும்வரை, சனிக்கிழமைதோறும் அவள் உட்கார ஒரு கதிரையைக் கூடுதலாகப் போட்டுவிட்டு, "உங்கட சிநேகிதி இண்டைக்கு வருவாவோ?" என்று கேட்பார்.

அவளை நான் ஒருநாளும் கூப்பிட்டதில்லை. "ஓம் அங்கிள், வருவா" என்பேன்.