மண்டோர் வீட்டு ஜன்னலில் கிரகணம்

“பொம்பளப் புள்ளைக்குப் பாரம் அஞ்சு வரைக்கும், பதினோரு வருஷம், படிப்பு எதுக்கு லா?” என்று தோட்டத்துக் கங்காணியான மண்டோர் மாமா ஒருமுறை அப்பாவிடம் கேட்டார். எங்கள் குடும்பத்தில் முதலில் பள்ளிக்கூடம் போனவள் நான். இன்று அவர் வீட்டு ஜன்னலடியில் பாராசூட் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன்.

மலேசியாவில் ஜெராம் பக்கத்துத் தோட்டத் திடல். சூரியனில் ஒரு கடி குறைந்திருக்கிறது. மரத்தடி வெயில் பிறை பிறையாகச் சிந்திக் கிடக்கிறது. என்னோடு விமானத்திலிருந்து குதித்த தோழிகள் சுவீ லானும் ரொக்கியாவும் வானத்தில் கத்திய கத்தலைத் தரையிலும் நிறுத்தவில்லை. நானும்தான். கிரகணம் விடுவதற்குள் இன்னொரு முறை குதிக்க வேண்டும். விமானத் திடலுக்குப் போக லோரி காத்திருக்கிறது. கிரகணத்துக்குப் பயந்து லயத்தில், தொழிலாளர் வீட்டு வரிசை முழுக்க, கதவுகள் அடைத்திருக்கின்றன. காற்று என் பாராசூட்டை இழுத்துப்போய் மாமாவின் பலகை ஜன்னலை இடுக்கு விடாமல் மூடிவிட்டது. துணி ஜன்னல் கொக்கியில் மாட்டிக்கொண்டது.

உள்ளே மாமாவின் அலறல். “ராகு முழுசா முழுங்கிட்டான்! ஒரே இருட்டு!”

“மாமா, நான் முனியம்மா மக. அது என் பாராசூட்டு. கொக்கிய எடுத்து விடுங்க.”

“கிரகணத்துல வெளிய நிக்கிறியா? வயித்துப் புள்ளைக்கு ஆகாது!”

“எனக்குக் கல்யாணமே ஆகல, மாமா.”

“வெளிச்சம் வரட்டும், தொறக்குறேன்.”

“தொறந்தாத்தான் மாமா வெளிச்சம் வரும்.”

பிறகு ஜன்னல் ஒரு சாண் திறக்கிறது. கண்ணை இறுக மூடியபடி மாமா கொக்கியைத் தடவி விடுவிக்கிறார். துணி நழுவுகிறது, வெயில் உள்ளே பாய்கிறது.

“கிரகணம் விட்டிருச்சு! எல்லாரும் குளிங்க!”

லயம் முழுக்கக் கதவுகள் திறக்கின்றன. பாதிச் சூரியனுக்குக் கீழே வாளிகளோடு குழாயடிக்கு ஓடுகிறார்கள்.

நான் யாரையும் திருத்தவில்லை. பாராசூட்டைச் சுருட்டி எடுத்துக்கொண்டு லோரியில் ஏறிவிட்டேன்.