மாவு பிசையாத மாதங்கள்

அஸ்தினாபுரத்தில் எங்கள் பரோட்டாக் கடைக்கு மாவு பிசைந்தது நான். கல்லில் போட்டு எடுத்தது என் வீட்டுக்காரர். தினமும் மத்தியானம் அண்டா நிறைய மைதாவை முஷ்டியால் குத்திப் பிசைவேன். வலது தோள் விண்விண்ணென்று தெறிக்கும். பழகிப்போன வலி. மறுநாள் மாவில் கைவைத்தால் கொஞ்ச நேரத்தில் தானே விட்டுப்போகும்.

அவர் திடீரென்று மௌத்தாகிவிட்டார். நெஞ்சுவலி. ஆஸ்பத்திரி போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்தது. நான் இத்தாவில் உட்கார்ந்தேன். புருஷனை இழந்தவள் நாலு மாதத்துக்கு மேல் வெளியே போகாமல் வீட்டோடு இருக்க வேண்டும், அவ்வளவுதான் முறை. வீட்டு வேலை செய்யாதே என்று யாரும் விதிக்கவில்லை. ஆனால் என்னைப் பார்த்துக்கொள்ள வந்த நாத்தனார் ஒரு சொம்பைக்கூடத் தூக்க விடவில்லை.

"அண்ணி, இவ்ளோ நாள் மாடா ஒழைச்சீங்க. தோளு வேற வலிக்குதுன்றீங்க. சும்மா ஒக்காருங்க."

பாசம்தான். பாசமாகச் சொல்பவளிடம் என்ன சண்டை போடுவது? எனக்கும் எழுந்திருக்க மனசில்லை. கையை மடியில் போட்டுக்கொண்டு சுவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஆடின காலும் பாடின வாயும் சும்மா இருக்காது என்பார்கள். பொய். எல்லாம் சும்மாதான் இருந்தது.

இத்தா முடிந்த அன்று குளித்துவிட்டுத் தலைமுடியை அள்ளி முடியப் போனேன். கை காதுக்கு மேல் ஏறவில்லை. ஐயோ, அந்த வலி! கண் இருட்டிவிட்டது. நாத்தனார்தான் கொண்டை போட்டுவிட்டாள். போட்டுக்கொண்டே, "இந்தக் கைய வெச்சுகினு எப்டி அண்ணி மாவு பிசைவீங்க? கடைய எங்க வூட்டுக்காரரு எடுத்து நடத்தட்டுமே" என்றாள். புருஷன் போனார், கடையும் போனால் இந்த ஊரில் நான் யார்?

குரோம்பேட்டையில் பிசியோதெரபி பார்க்கும் பெண்ணிடம் ஓடினேன். தோளைப் பிடித்து அசைத்துப் பார்த்தாள். "அசைக்காம வெச்சே இறுகிப்போச்சு ஆன்ட்டி. ரெஸ்ட் எடுத்தா இன்னும் இறுகும். ஆட்டினாதான் விடும். வலிக்கத்தான் செய்யும்."

சுவரில் விரல்களை மேலே மேலே நடக்கவிடச் சொன்னாள். காலையும் மாலையும் பல்லைக் கடித்துக்கொண்டு ஏற்றினேன். அழுதேன், திட்டினேன். யாரை? செத்துப்போன மனுஷனைத்தான். இப்படி விட்டுட்டுப் போயிட்டீங்களே, நல்லா இருக்கா என்று.

கை மெல்ல ஏறியது. ஒரு மத்தியானம் யாரிடமும் சொல்லாமல் கடையைத் திறந்து, சின்னச் சட்டியில் மாவைக் கொட்டினேன். முதல் குத்திலேயே உயிர் போனது. விடவில்லை. கொஞ்ச நேரத்தில் தோள் சூடேறி, இறுக்கம் நெகிழ்ந்தது. தேடிக்கொண்டு வந்த நாத்தனார் வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"கடையை நானே பார்த்துக்கறேன். உன் வூட்டுக்காரர்கிட்ட சொல்லிடு" என்றேன். அவள் வந்த வழியே திரும்பிப் போனாள்.

உருண்டை பிடித்து, எண்ணெய் தடவி, ஈரத்துணி போட்டு மூடினேன். தோளுக்குக் கீழே முதுகில் பழைய வலி வந்து பிடித்துக்கொண்டது. முன்பெல்லாம் மாவு வேலை முடிந்ததும் முதுகைக் காட்டி முக்காலியில் உட்காருவேன். அவர் வந்து கட்டைவிரலால் அந்த இடத்தை அழுத்திவிடுவார். அன்றும், புத்தி எங்கே போனதோ, முக்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்து, தோளிலிருந்து முக்காட்டை விலக்கிவிட்டேன்.