வெள்ளச்சிக்கு விடுதலை

ஆய்வுக்கூடத்துப் பன்றிகளைப் பார்த்துக்கொண்டவரை எல்லாரும் கொட்டகைக்காரர் என்றே கூப்பிட்டார்கள். மனிதர்களிடம் சிடுசிடுப்பார், பன்றிகளிடம் குழைவார். வீட்டில் இந்தக் குரலைக் கேட்டதே இல்லை என்று மனைவி குத்திக்காட்டுவாள்.

சின்னக் குழந்தைகள் சிலருக்கு ஒரு கோளாறு உண்டு. மூத்திரம் வெளியே போகாமல் சிறுநீரகத்துக்கே திரும்பி ஏறும். நாளடைவில் சிறுநீரகமே கெட்டுப்போகும். வயிற்றைக் கிழிக்காமல், சிறு துளை வழியே கருவியை விட்டு அதைச் சரிசெய்யலாமா என்று ஆய்வுக்கூடத்து டாக்டர் பன்றிகளை வைத்துச் சோதித்துக்கொண்டிருந்தார். கோளாறை உண்டாக்குவதும் அவரே, தீர்ப்பதும் அவரே. என்ன கூத்தோ, பெரிய படிப்பு என்று கொட்டகைக்காரர் வாயை மூடிக்கொண்டார். சிகிச்சை பலிக்காத பன்றிகளைக் கொன்றுவிடுவார்கள் என்பது அவருக்குத் தெரியும். பலித்தால் பிழைக்கும் என்று அவராகவே நினைத்துக்கொண்டார்.

வெள்ளச்சி என்று அவர் பெயர் வைத்த குட்டி வேறு யாருக்கும் மசியாது. அவர் முன்னால் நடந்தால்தான் பின்னால் வரும். அறுவைக்குப் பிறகு காய்ச்சலில் சுருண்டு கிடந்ததை மடியில் போட்டுத் தேற்றினார். எக்ஸ்ரே படம் எடுத்துப் பார்த்தபோது மூத்திரம் மேலே ஏறவில்லை. முதன்முதலாகப் பலித்திருந்தது. டாக்டருக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை.

"அப்போ இவளை விட்டுருவீங்களா சார்?"

"கடைசியா ஒரு சோதனை இருக்கு. அப்புறம் அவளுக்கு விடுதலைதான்."

கொட்டகைக்காரர் மச்சானின் தோட்டத்தில் இடம் கேட்டார். மச்சான் விழுந்து விழுந்து சிரித்துவிட்டு வேலி போட்டுக் கொடுத்தான்.

சோதனையன்று வெள்ளச்சி அவர் செருப்பை முகர்ந்துகொண்டே அறைக்குள் வந்தது. ஊசி போடும்போது தலையைத் தாங்கிக்கொண்டார். தூங்கியதும் அவரை வெளியே அனுப்பிவிட்டார்கள். கயிறும் கையுமாக வாசலில் நின்றவரைத் தாண்டி, உதவியாளர் தட்டில் இரண்டு சிறுநீரகங்களை எடுத்துப் போனார்.

டாக்டர் கையைத் துடைத்தபடி வந்தார். திறந்து பார்க்காமல் எதையும் உறுதியாகச் சொல்ல முடியாது, பலித்தாலும் பலிக்காவிட்டாலும் முடிவு இதுதான், ஆரம்பத்திலேயே தீர்மானித்தது என்றார். முன்கூட்டிச் சொல்லியிருந்தால் நீங்கள் கலங்கியிருப்பீர்கள், உங்களைப் பார்த்து அதுவும் மிரண்டிருக்கும் என்றார்.

கொட்டகைக்காரர் கையிலிருந்த கயிற்றைக் கீழே போட்டார். நம்பவைத்துக் கழுத்தை அறுத்துவிட்டார்கள். அதற்குத் தன்னையே முன்னால் நடக்கவிட்டார்கள்.

"அவ என்னை நம்பி வந்தா, சார்."

"அதுக்காகத்தானே உங்களை வரச் சொன்னோம்" என்றார் டாக்டர், தட்டிக்கொடுத்து.