அண்ணனின் நெற்றியைத் தொடாத கை

அண்ணனின் முதலாண்டு நினைவு வழிபாட்டுக்கு வந்து, இந்த நினைவு மலரைக் கையில் எடுத்திருக்கும் உங்கள் அனைவருக்கும் தங்கையின் வணக்கம். வெறும் புகழுரை எழுதினால் அண்ணனே சிரிப்பார். அதனால் நடந்ததை எழுதுகிறேன்.

அண்ணன் சிங்கப்பூரில் சிராங்கூன் சாலைக் கடைவீடு ஒன்றின் மாடியில் பிறந்தார். அப்பா காலமானதும் படிப்பை விட்டு வேலைக்குப் போய் என்னைப் படிக்க வைத்தார். தெம்பனிஸ் பக்கம் பல்லாண்டு பேருந்து ஓட்டினார். மணம் செய்துகொள்ளாமல் கடைசிவரை என்னோடு இருந்தார். யாரிடமும் குரலை உயர்த்தியதில்லை.

ஓயாத சளியும் தலைவலியுமாக இருந்தவருக்கு நெற்றி புடைத்தது. நீர்க்கோவை என்று நானே முடிவுகட்டி, மூன்று வாரம் சுக்குப் பற்றுப் போட்டேன். ஒருநாள் பற்றைக் கழுவும்போது என் விரல் நெற்றிக்குள் புதைந்தது. விரலை எடுத்த பிறகும், பிசைந்த மாவில் விழுந்த பள்ளம் போல அது அப்படியே நின்றது.

"எத்தனை நாளா இப்படி இருக்கு, ஆன்ட்டி?" என்று மருத்துவர் கேட்டார்.

"ரெண்டு நாள்தான்" என்றேன். வெட்கம். அண்ணன் என்னை ஒருமுறை பார்த்தார், மறுத்துப் பேசவில்லை.

ஸ்கேன் எடுத்ததும் மருத்துவர் மறுபடி வந்தார். "ரெண்டு நாள்ல எலும்பு இப்படி அரிக்காது, ஆன்ட்டி. சைனஸ்ல இருந்த கிருமி நெத்தி எலும்புக்குள்ள போயிருக்கு. ரொம்ப அபூர்வமா வர்றது. கெட்டுப்போன எலும்ப எடுத்தே ஆகணும்."

எடுத்தார்கள். கிருமி முழுதும் அடங்கிய பிறகே எலும்புக்குப் பதிலாகத் தகடு வைக்க முடியுமாம். அதுவரை நெற்றியில் எலும்பில்லாமல் அண்ணன் வீட்டில் இருந்தார். உட்கார்ந்தால் அந்த இடம் குழியும், படுத்தால் மேலெழும்பும். தோலுக்கடியில் எந்நேரமும் துடிக்கும். அவர் சோபாவில் உறங்கும்போது அது மட்டும் விழித்திருந்து என்னைக் கவனிப்பதாகத் தோன்றும். சொந்த வீட்டில் நான் பயந்து பயந்து நடந்தேன்.

காலையில் குளித்ததும் ஒருவருக்கொருவர் திருநீறு பூசிவிடுவது எங்கள் வழக்கம். தையல் ஆறியதும் அண்ணன் நாற்காலியில் அமர்ந்து முகத்தை நீட்டுவார்.

"பூசி விடும்மா, கடிக்காது லா."

நான் கழுத்தில் தடவிவிட்டு நகர்ந்துவிடுவேன்.

தகடு வைக்குமுன் நோய் மூளையுறைக்குப் பரவியது. அண்ணன் போய்விட்டார்.

அறுவை மருத்துவர்களுக்கும், மாறி மாறிக் கஞ்சி கொண்டுவந்த அண்டை வீட்டாருக்கும், தோள் கொடுத்த பேருந்து நண்பர்களுக்கும் என் நன்றி. நரம்பில் மருந்தேற்ற நாள்தோறும் வீட்டுக்கு வந்தார் மியன்மார்ப் பெண்ணான ஒரு தாதி. அண்ணன் சைகையால் கேட்டதும், திருநீற்றைத் தொட்டு, துடிக்கும் அந்த இடத்தின் மேலேயே மூன்று கோடு இழுப்பார். "ஓகே ஆ, அங்கிள்?" என்பார். அண்ணன் கண்ணை மூடிக்கொள்வார். நான் சமையலறை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருப்பேன்.

சகோதரி, நான் செய்திருக்க வேண்டியதை நீங்கள் செய்தீர்கள். நான் தொடாமல் விலகியதற்காக அண்ணன் என்னை ஒருநாளும் கடிந்துகொள்ளவில்லை. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.