பெயர் இல்லாத மாத்திரைகள்

“நாக்கை நீட்டு” என்பாள். நீட்டினால், முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிப் பார்ப்பாள். கண்ணிமையைக் கீழே இழுப்பாள், புறங்கையால் கழுத்தைத் தொடுவாள். பிறகு கட்டிலுக்கடியில் கைவிட்டு ஒரு பிஸ்கட் டின்னை இழுப்பாள். படிப்பது என்னவோ கட்டடப் பொறியியல். ஆனால் வெளிநாட்டில் படிக்க வந்து ஒரே வீட்டில் தங்கியிருக்கும் எங்கள் எல்லோருக்கும் அவள்தான் கம்பவுண்டர்.

டின் அவள் அம்மாவின் ஏற்பாடு. மாத்திரை அட்டைகளைத் துண்டு துண்டாகக் கத்தரித்து, ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டி, ஒவ்வொரு கட்டுக்குள்ளும் ஒரு சீட்டு செருகியிருந்தார்: ‘காய்ச்சல்’, ‘வயிறு’, ‘சளி’, ‘பல்’. மனசு சரியில்லாததற்கு மட்டும் ஒரு கட்டு இல்லையே என்று கேலி செய்வேன். “அதுக்குத்தான் அம்மா தினமும் போன் பண்றாங்களே” என்பாள்.

பல்கலைக்கழகத்திலேயே டாக்டர் உண்டு. அங்கே முன்பதிவு செய்து, காத்திருந்து, குடைகிறதா, குத்துகிறதா, சுருக்கென்கிறதா என்று வேற்று மொழியில் விளக்குவதற்குள் வலிக்கே அலுத்துவிடும் என்பது இவள் கட்சி. எங்களுக்கும் அது வசதியாகத்தான் இருந்தது. சும்மா சொல்லக் கூடாது, அவள் கை பட்டாலே பாதி குணம்.

போன மாதம் ஒரு மத்தியானம், வீட்டில் எல்லோருக்கும் இளையவளான சின்னவளுக்குக் காய்ச்சல். தேர்வு நெருங்கிவிட்ட நேரம். கம்பவுண்டர் அவள் உள்ளங்கையில் ஒரு மாத்திரையை வைத்தாள்.

“இது என்ன மாத்திரைக்கா? எனக்கு ஒரு மாத்திரை ஒத்துக்காது.”

“காய்ச்சல் மாத்திரைதான். எங்க வீட்ல எல்லாரும் போடறது. முழுங்கு.”

அக்கா சொன்னால் சின்னவளுக்கு வேதவாக்கு. முழுங்கிவிட்டாள்.

கொஞ்ச நேரத்தில் கழுத்தைச் சொறிய ஆரம்பித்தாள். உதடு வீங்கியது. பிறகு மூச்சு இழுத்தது. எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. கம்பவுண்டர்தான் அவசர எண்ணை அழைத்தாள். அவளுக்கு வராது என்று நாங்கள் நினைத்திருந்த அந்த மொழியில், திக்கித் திணறி, முகவரி சொன்னாள். ஆம்புலன்ஸில் ஏற்றும்போதே சின்னவளுக்கு ஊசி போட்டார்கள். இவள் டின்னை மார்போடு அணைத்துக்கொண்டு கூடவே ஏறினாள்.

மருத்துவமனையில் நர்ஸ் கேட்டது ஒரே கேள்வி. என்ன மருந்து கொடுத்தீர்கள்? தெரியாமல் இங்கேயும் அதையே கொடுத்துவிட்டால் பெண் தாங்கமாட்டாள் என்றார். கம்பவுண்டர் டின்னை மேசையில் கவிழ்த்தாள். காய்ச்சல் கட்டை நர்ஸ் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பெயர் இருந்த பக்கம் கத்தரிக்கோலோடு போயிருந்தது. மற்ற கட்டுகளும் அதே லட்சணம்தான். திரைக்கு அப்பால் சின்னவள் இருமிக்கொண்டிருந்தாள். இருமல் நின்றபோதெல்லாம் திரையை விலக்கிப் பார்த்தேன்.

கம்பவுண்டர் ஊரிலிருந்த தன் அம்மாவுக்குப் போன் போட்டாள்.

“வெள்ளையா, வட்டமா இருக்குமே, அதுதான்டி. ஏன், உனக்கா உடம்பு சரியில்ல?”

“எனக்கில்லம்மா. பேரு வேணும். மெடிக்கலுக்கு ஓடும்மா.”

அம்மா செருப்புகூடப் போடாமல் ஓடினாராம். வழக்கமாக அவருக்கு மாத்திரை கொடுக்கும் மருந்துக்கடைக்காரர் எழுத்தெழுத்தாகச் சொல்லச் சொல்ல, இவள் அதை நர்ஸுக்கு ஒப்பித்தாள். குரல் திடமாகத்தான் இருந்தது. ஆனாலும் ஒவ்வொரு எழுத்தையும் இரண்டு முறை சொன்னாள்.

சாயங்காலம் வீக்கம் வடிந்து பேச்சு வந்ததும், தனக்கு ஒத்துக்கொள்ளாத மாத்திரையின் பெயரைச் சின்னவளே சொன்னாள். அதேதான். அவள் கோபப்படவில்லை. எனக்குக் கோபம் வந்தது. ஆனால் கம்பவுண்டரின் முகத்தைப் பார்த்தபிறகு அவளுக்கு ஒரு டீ வாங்கி வந்தேன்.

இன்று எனக்குக் காய்ச்சல். சொல்லாமல் மறைத்துப் பார்த்தேன், பலிக்கவில்லை.

“நாக்கை நீட்டு” என்றாள். நீட்டினேன். ஜன்னல் பக்கம் திருப்பினாள். புறங்கை கழுத்தில் பட்டது. பழக்கதோஷத்தில் அவள் கை கட்டிலுக்கடியில் போனது. டின் தரையில் உரசும் சத்தம் இப்போது கேட்கப்போகிறது என்று நினைத்தேன்.

கை வெறுமனே வெளியே வந்தது. எழுந்து வாசல்வரை போய் என் ஷூக்களை எடுத்து வந்தாள். தரையில் உட்கார்ந்து, என் காலை இழுத்து மடியில் வைத்துக்கொண்டு, நாடாவை இறுக்கிக் கட்ட ஆரம்பித்தாள்.